கீழ்வரியில் இரண்டு பேர்

அக்டோபர் 6, திங்கள்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். எனக்கு அவமானமாக இருப்பதையும் எழுதுவேன். பெரிய முயற்சியில் இறங்குகிறவர்கள் இப்படி ஒரு பதிவு வைத்துக்கொள்வது நல்லது.

நான் ரொவினா மச்சாது. தூத்துக்குடி. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு. பள்ளி நூலகத்தின் மாணவப் பொறுப்பாளர். எங்கள் கோயில் பாடகர் குழுவில் மூன்றாம் வயலின். மூன்றாம் வயலின் என்றால் தூணுக்குப் பின்னால் நின்று வாசிப்பது.

நவம்பர் 22 செசிலியம்மாள் திருநாள். இசைக்கலைஞர்களின் பாதுகாவலி என்பதால் அன்று மாலை பங்குக் கோயிலின் மண்டபத்தில் எங்கள் கச்சேரி நடக்கும். இந்த வருடம் யாராவது புதிதாக ஒன்றைத் தயார் செய்தால் மேடையின் நடுவில் நின்று வாசிக்கலாம் என்று ஃபாதர் அறிவித்திருக்கிறார். நடுவில் தூண் இல்லை.

இன்று குழுவின் அலமாரியைத் துழாவி ஒன்றைக் கண்டுபிடித்தேன். சிஸ்டர் கன்சோலாத்தா எங்களுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவர். அவர் கையாலேயே நகலெடுத்த, சொனாட்டா என்னும் இசைக்கோவை அது. முதல் பக்கம் இல்லாததால் எழுதியவர் யார் என்று தெரியவில்லை. இத்தாலிக்காரர், முந்நூறு வருடத்துக்கு முந்தையவர் என்று ஓரத்தில் சிஸ்டர் குறித்திருக்கிறார். 'வயலினுக்கும் கன்டினுவோவுக்கும்' என்று போட்டிருக்கிறது. மெதுவாக ஒன்று, வேகமாக ஒன்று, மறுபடி மெதுவாக, மறுபடி வேகமாக என்று நான்கு பகுதிகள். கடைசிப் பகுதி நடனம்.

தாளில் இரண்டு வரிகள் ஓடுகின்றன. மேல்வரி வயலின். அதில் எல்லாமே இருக்கிறது. கீழ்வரியில் பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்துகொண்டிருக்கும் தடித்த சுரங்கள். மேல்வரி என்னுடையது. கீழ்வரியை யாருக்காவது கொடுக்கலாம்.

கீழ்வரிக்கு அடியில் யாரோ பென்சிலால் எண்களைக் கிறுக்கியிருந்தார்கள். விரல் எண்களோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஆறு, ஏழு என்றெல்லாம் இருந்தது. ஒரு கையில் ஏழு விரல் உள்ளவர் யாரும் எங்கள் பங்கில் கிடையாது. நூலகப் புத்தகங்களில் பென்சில் கிறுக்கலைக் கண்டால் அழிப்பது என் கடமை. அதனால் அழித்தேன். நல்ல அழிப்பான். தாள் இப்போது மிகச் சுத்தமாக இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

சிஸ்டர் ஜூன் மாதம் கும்பகோணத்து மடத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இன்று அப்பாவின் போனிலிருந்து அவரை அழைத்தேன்.

"கன்டினுவோன்னா ஒரு ஆள் இல்ல ரொவினா, ரெண்டு ஆள்" என்றார். "ஒருத்தர் கீபோர்டு, ஒருத்தர் செல்லோ. ரெண்டு பேருக்கும் அந்த ஒரே கீழ்வரிதான். செல்லோ அதை அப்படியே வாசிக்கும். கீபோர்டு இடது கையில அதே வரி, வலது கையில சொந்தமா கார்டு போடணும்."

கார்டு என்றால் மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து அழுத்துவது. செல்லோ என்றால் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின்.

"சொந்தமான்னா? எழுதியிருக்க வேண்டாமா சிஸ்டர்?"

"அதுக்குத்தானே அடியில எண்கள் இருக்கு. ஆறுன்னா இன்ன கார்டு, ஏழுன்னா இன்ன கார்டு. பென்சில்ல பொடிசா எழுதியிருக்கேன் பாத்தியா? அந்த எண்ணு இல்லன்னா கீபோர்டுக்காரர் கண்ணக் கட்டிக்கிட்டு நடக்க வேண்டியதுதான்."

எண்களைப் பார்த்தேன் என்று சொன்னேன். அது உண்மை.

கீபோர்டுக்கு என் சித்தியையும், செல்லோவுக்குக் கிளாட்வின் சாரையும் கேட்கச் சொன்னார். "ரெண்டு பேரையும் சேத்து வச்சுக் கேக்காத, தனித்தனியா கேளு" என்றும் சொன்னார். காரணம் கேட்டேன். மணி அடித்துவிட்டது, ஜெபத்துக்குப் போகிறேன் என்றார். மணி சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

நேற்றைய பதிவில் ஒரு குறை. எண்களை அழித்தவள் நான்தான் என்று சிஸ்டரிடம் சொல்லவில்லை. இன்று சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "அழிச்சது நல்லதாப் போச்சு" என்றார். துறவிகளின் மன்னிக்கும் குணம் பெரியது.

அக்டோபர் 11, சனி

சித்தியைக் கேட்டேன்.

என் சித்தி ஃப்ளாவியா அம்மாவின் ஒரே தங்கை. வயது முப்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் வேதியியல் நடத்துகிறார். எங்களோடுதான் இருக்கிறார். ஏழு மணிப் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். அம்மா பல வருடமாக அவருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார். சித்தி பல வருடமாகக் குறை சொல்கிறார். ஒருவர் கைக்குட்டையை மடிக்கும் விதம்கூடப் பிடிக்கவில்லை என்று சொன்னதுண்டு.

சொனாட்டா என்றதும் ஒப்புக்கொண்டார். எண்களை அழித்ததைக் கேட்டு, "ஏ புரொபசர், ஒன்ன நம்பி ஒரு அணுகுண்ட ஒப்படைச்சாலும் அதத் தொடச்சு வச்சிருவ" என்றார். அப்போது மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லோ யாரு?"

"கிளாட்வின் சார்."

சட்டி ஏற்கனவே சுத்தமாகிவிட்டிருந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் தேய்த்தார்.

"அவன் கடைசி பார்ல ஓடிருவான்" என்றார்.

பார் என்றால் இசையைக் கோடு போட்டுப் பிரிக்கும் சின்ன அறை. அம்மாவிடம் விவரம் கேட்டேன். எட்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் பூசையில் சித்தியும் கிளாட்வின் சாரும் சேர்ந்து வாசித்தார்களாம். முடிவில் செல்லோ ஒரு பார் முன்னால் நின்றுவிட்டதாம், இல்லையென்றால் கீபோர்டு ஒரு பார் பின்னால் முடிந்ததாம். கோயில் முழுக்கக் கேட்டதாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசவில்லை. அடுத்த மாதம் அவர் கொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு பாருக்காக எட்டு வருடம் பேசாமல் இருப்பது இசையின் மேல் அவர்களுக்குள்ள பற்றைக் காட்டுகிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "பாருக்குத்தான், வேற என்ன" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் கிளாட்வின் சாரைப் பிடித்தேன். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறார். ஜூன் மாதம்தான் ஊருக்குத் திரும்பினார். உயரம். நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம் இருக்கும், கணக்கு போடுவது போல.

"கீபோர்டு யாரு வாசிக்கா?"

"ஃப்ளாவியா சித்தி."

ஹெல்மெட்டை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"ஒங்க சித்தி கடைசி பார்ல தூங்கிருவாவளே" என்றார்.

எட்டு வருடம் கழித்தும் இருவரும் அதே பாரைத்தான் முதலில் சொன்னார்கள். நல்ல ஞாபகசக்தி.

அக்டோபர் 15, புதன்

முதல் ஒத்திகை. எங்கள் வீட்டு ஹாலில்.

எண்கள் முழுக்க அழிந்துவிடவில்லை. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் அங்கங்கே தெரிகிறது. ஜெராக்ஸில் அது விழாது. அதனால் கீழ்வரிக்காரர்கள் இருவரும் சிஸ்டர் எழுதிய அந்தத் தாளையே ஒரே ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தாக வேண்டும். எனக்கு மட்டும் மேல்வரியின் ஜெராக்ஸ்.

இருவருக்கும் இடையே ஒரு முழ தூரம்கூட இல்லை. ஆனாலும் என் மூலமாகத்தான் பேசினார்கள்.

"ரொவினா, ஒங்க சித்தி இந்த இடத்துல என்ன கார்டு போடுதாவன்னு கேளு."

"ரொவினா, செல்லோ கொஞ்சம் கம்மியா உறுமினா எனக்கே என்ன கார்டுன்னு கேக்கும்னு சொல்லு."

இரண்டையும் சொன்னேன். வயலின் வாசிக்க நேரமே கிடைக்கவில்லை. அப்பா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரொவினா, டீ ஆறுதுன்னு ரெண்டு பேருட்டயும் தனித்தனியா சொல்லிரு" என்றார்.

அக்டோபர் 18, சனி

இன்று எண்களைத் தேடும் வேலை. இருவரும் தாளை ஜன்னலில் வைத்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு தடங்களை வாசித்தார்கள். நான் குறிப்பெடுத்தேன்.

"இது ஆறு."

"பூஜ்யம்."

"பூஜ்யம்னு ஒரு எண்ணே இதுல கிடையாது."

"அப்ப ஈ இருந்த எடமா இருக்கும்."

"ஈக்குக்கூட ஒம்ம விட நல்லா கார்டு தெரியுது."

"ஃப்ளாவி, தாளக் கொஞ்சம் மேல தூக்கு. ஒந்தல மறைக்குது."

ஃப்ளாவி என்று அழைத்தால் நேரம் மிச்சமாகும் என்பது எனக்கு இதுவரை தோன்றவில்லை. இனி என் மூலமாகப் பேசத் தேவையில்லை என்றும் தெரிகிறது. இதனால் நான் வயலினைக் கவனிக்க முடியும்.

முக்கால்வாசி எண்கள் கிடைக்கவில்லை. அவற்றைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார்கள். அதற்குக் கூடுதல் ஒத்திகை தேவை. கூடுதல் ஒத்திகைக்கு நான் தேவையில்லை என்றார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி விடுமுறை. மேல்மாடி வீட்டார் அதிரசம் கொடுத்தார்கள். காலையிலிருந்து மழை. கிளாட்வின் சார் நனைந்துகொண்டே வந்து, போன தடவை தவறுதலாக எடுத்துப்போன என் அழிப்பான் என்று ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அது என் அழிப்பான் அல்ல. இன்னும் உறைகூடப் பிரிக்காதது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தி, "ஒன்னோடதுதான், ஒன்னோடதுதான், உள்ள வை" என்றார்.

அதிரசம் நான்கு இருந்தது. அவர் மூன்று சாப்பிட்டார்.

அக்டோபர் 26, ஞாயிறு

சிக்கல்.

அம்மாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. மணப்பாட்டுக் குடும்பம். மாப்பிள்ளை ரோஷன், தோஹாவில் இன்ஜினியர். நவம்பர் 18 லீவில் வருகிறார், பத்து நாளில் திரும்பிவிடுவார். போட்டோவில் ஒரு காரின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். கைக்குட்டை போட்டோவில் தெரியவில்லை.

"வீட்டுக்கு வரச் சொன்னாத்தான நீ தலவலின்னு சொல்லுத" என்றார் அம்மா சித்தியிடம். "அதான் கச்சேரிக்கே வரச் சொல்லிட்டேன். அவியளும் அவிய அம்மாவும் வருவாவ. பாத்தமாதிரியும் இருக்கும், பாக்காதமாதிரியும் இருக்கும். பிடிச்சா மறுநாளே பேசி முடிச்சிரலாம்."

எங்கள் பக்கம் இப்படிப் பெண் பார்ப்பது வழக்கம்தான். என் பெரியப்பா மகளைத் தேரோட்டத்தில் பார்த்தார்கள்.

சித்தி சரி என்று சொன்னார். குறை எதுவும் சொல்லவில்லை. பிறகு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்து மூன்றாம் பகுதியை வாசித்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார். கட்டைகள் டக் டக் என்று விழுவது மட்டும் கேட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. சித்தி கல்யாண வேலையில் இறங்கிவிட்டால் எனக்குக் கன்டினுவோ இருக்காது. நடுமேடையும் இருக்காது. இருபத்து மூன்றாம் தேதி வரை எதற்கும் சம்மதம் சொல்லாமல் இருக்க முடியுமா என்று சித்தியிடம் கேட்டேன்.

"ஒனக்கு ஒன் சொனாட்டாதான் கவல."

"ஆமா சித்தி."

சித்தி என் சடையைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் வலித்தது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். தாத்தாவின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்தோம். கிளாட்வின் சார் அவர் அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்திகளோடு நின்றார். அவருடைய தீப்பெட்டி மழையில் நமுத்திருந்தது. சித்தி போய்ப் பற்றவைத்துக் கொடுத்தார். காற்றடித்ததால் இரண்டு பேரும் கையை வைத்து மறைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். கீழ்வரியைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வரும் வழியில் கேட்டேன். ஒன்றும் பேசவில்லையாம்.

நவம்பர் 7, வெள்ளி

இன்றைய ஒத்திகையில் எனக்கு அநீதி நடந்தது. மூன்றாம் பகுதியில் நான் அவசரப்படுகிறேன் என்று சித்தி சொன்னார். ஆமாம் என்று கிளாட்வின் சாரும் சொன்னார். எனக்கு எதிராக இருவரும் ஒன்று சேர்வது இதுதான் முதல் தடவை.

"நீ போற வேகத்துக்கு நாங்க ஓடி வரணும்னு எதிர்பாக்காத, புரொபசர். நாங்க போற எடத்துல நீ கால வச்சா போதும்."

மேல்வரிதானே முக்கியம் என்று கேட்டேன். கிளாட்வின் சார், "நீ நிறுத்து. நாங்க மட்டும் வாசிக்கோம், கேளு" என்றார். வாசித்தார்கள். நான் கேட்கவில்லை. கோபத்தில் இருந்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 12, புதன்

கிளாட்வின் சாரிடம் தோஹா சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். நான்தான் சொன்னேன். இருபத்து இரண்டாம் தேதி சித்திக்குப் பதற்றம் இருக்கும், அதனால் அவர் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் சொன்னேன். மாப்பிள்ளையின் காரின் நிறத்தையும் சொன்னேன்.

அவர் செல்லோவுக்குச் சுதி சேர்த்தார். ஏற்கனவே சேர்த்திருந்தார்.

நவம்பர் 14, வெள்ளி

கிளாட்வின் சார் வரவில்லை. கப்பல் வேலையாம்.

நவம்பர் 15, சனி

இன்றும் வரவில்லை. போன் செய்தேன். இருபத்து இரண்டாம் தேதியும் வருவது சந்தேகம் என்றார். "கப்பல் வருது ரொவினா. ஆபீஸ்ல ஆள் இல்ல. செல்லோ இல்லாமலே வாசிக்கலாம், ஒங்க சித்தி சமாளிச்சிருவாவ."

"எந்தக் கப்பல் சார்?"

"பெரிய கப்பல்."

இதைச் சித்தியிடம் அப்படியே சொன்னேன். தோஹா விஷயத்தை நான் அவரிடம் சொன்னதையும் சொல்ல வேண்டியிருந்தது. சித்தி திட்டவில்லை. கீபோர்டின் மேல் துணியைப் போட்டு மூடினார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வெளியே நல்ல மழை.

"எங்க போற?" என்றார் அம்மா.

"கப்பலப் பாக்க."

நனைந்து திரும்பி வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "வருவான். நீ போய் ரெண்டாம் பகுதியப் பழகு" என்றார்.

"என்ன சொன்னீங்க சித்தி?"

"கடைசி பார்ல தூங்கினது நாந்தான்னு சொன்னேன்."

ஆக, எட்டு வருடமாகத் தீராமல் இருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தேதியோடு பதிவு செய்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கிளாட்வின் சார் ஒத்திகைக்கு வந்தார். வந்ததும் வராததுமாக, அன்றைக்கு ஓடினது தான்தான் என்றார். சித்தி இல்லை என்றார். நீ சரியாகத்தான் வாசித்தாய், நான்தான் அவசரப்பட்டேன் என்று அவர் சொல்ல, நான்தான் தயங்கினேன் என்று இவர் சொல்ல, நேற்றுத் தீர்ந்த கேள்வி மறுபடி திறந்துகொண்டது. இந்த முறை சண்டை தலைகீழாக நடந்தது.

"அப்பமே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா" என்றார் சித்தி.

"நீ கீபோர்ட மூடிட்டுப் போன வேகத்துக்கு யாரு சொல்லுவா?"

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ரொவினா, ரெண்டு பேரும் தப்புன்னு எழுதிக்கோ" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

ரோஷன் அங்கிள் வந்து இறங்கிவிட்டாராம். அம்மா சித்தியின் ஊதாப் பட்டுப்புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். சித்தி அதை இரண்டு தடவை உள்ளே எடுத்து வைத்தார். அம்மா இரண்டு தடவை வெளியே எடுத்தார்.

நவம்பர் 21, வெள்ளி

மழை. செல்லோவுக்குப் பாலித்தீன் சுற்ற வேண்டும். பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

நவம்பர் 22, சனி. செசிலியம்மாள் திருநாள்

முழுவதையும் எழுதுகிறேன்.

மழை பிற்பகலில் விட்டது. மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் வரிசையில் அம்மா, அப்பா, அவர்களுக்குப் பக்கத்தில் ரோஷன் அங்கிள், அவருடைய அம்மா. ரோஷன் அங்கிள் அமைதியானவராகத் தெரிந்தார். அவருடைய அம்மா பெரிய மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சித்தி ஊதாப் புடவையைக் கட்டவில்லை. ஏழு மணிப் பூசைக்குக் கட்டும் பழைய காப்பிக்கலர் புடவை. அதில்தான் கை நன்றாக நகரும் என்றார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் நடுவில் நின்றேன். எனக்குப் பின்னால் இடது பக்கம் சித்தியும் கிளாட்வின் சாரும் ஒரே ஸ்டாண்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் மூன்று பகுதிகளும் நன்றாகப் போயின. மூன்றாம் பகுதியில் நான் அவசரப்படவில்லை. அவர்கள் போன இடத்தில் கால் வைத்தேன்.

நான்காம் பகுதி தொடங்கிச் சிறிது நேரத்தில், எங்களுக்கு வியர்க்கும் என்று வாட்ச்மேன் தாத்தா ஓரத்தில் இருந்த பெரிய ஃபேனை மேடைப் பக்கம் திருப்பிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். என் தாள் எழும்பிப் பறந்தது. போய் இரண்டாம் வரிசையில் ரோஷன் அங்கிளின் அம்மா மடியில் விழுந்தது.

என் வில் நின்றுவிட்டது. அடுத்த சுரம் எது என்று எனக்குத் தெரியவில்லை. மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு தூண் இருந்திருந்தால் அதற்குப் பின்னால் போயிருப்பேன்.

ஆனால் இசை நிற்கவில்லை. கீழ்வரி நடந்துகொண்டே இருந்தது. கொஞ்சத் தூரம் போய், நான் நின்ற இடத்துக்கு முன்னால் இருந்த நான்கு பாருக்குத் திரும்பி வந்தது. மறுபடி போனது. மறுபடி திரும்பி வந்தது. எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் போல இருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தாளையும் பார்க்கவில்லை. இருவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூச்சை மட்டும் ஒன்றாக இழுத்துக்கொண்டு. இப்படி ஒன்றை நாங்கள் ஒத்திகையில் பழகியதே இல்லை. எங்கே திரும்ப வேண்டும் என்று இருவருக்கும் எப்படி ஒரே நேரத்தில் தெரிந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதல் தடவையாகக் கீழ்வரியைக் கேட்டேன். கேட்டதும் மேல்வரி தானாக ஞாபகம் வந்தது. மூன்றாவது சுற்றில் உள்ளே நுழைந்தேன். கடைசி வரை தாள் இல்லாமலே வாசித்தேன். கடைசி பாரில் மூன்று பேரும் ஒன்றாக முடித்தோம். யாரும் ஓடவில்லை, யாரும் தூங்கவில்லை.

கைத்தட்டலைப் பற்றி எழுதினால் தற்பெருமையாகிவிடும். நிறைய இருந்தது.

முடிந்ததும் பின் தாழ்வாரத்தில் டீயும் மக்ரூனும் கொடுத்தார்கள். ரோஷன் அங்கிளின் அம்மா என்னிடம் வந்தார்.

"இந்தா பிள்ள, ஒன் பேப்பரு. நல்லா வாசிச்ச." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அந்தப் பொட்டி வாசிச்சாளே, ஒங்க மூத்த தங்கச்சியோ? அவளும் அவ வீட்டுக்காரரும் என்ன பொருத்தம்! எங்க வீட்டுல அவிய உப்பு கேட்டா நான் சீனி எடுத்துக் குடுக்கேன். அது சரி, நாங்க பாக்க வந்த பிள்ள எங்க? இன்னும் கண்ணுல காட்டலயே?"

அப்பா டீயை மூக்கு வழியாகக் குடித்துவிட்டார்.

அம்மா மக்ரூன் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். திறந்திருந்த கதவு வழியாக மேடை தெரிந்தது. கிளாட்வின் சார் செல்லோவின் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி கீபோர்டின் வயரைச் சுற்றாமல், கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சித்தி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா பார்த்திருப்பார் போல, எட்டு வருடத்துக்கு முன்னால். வெகுநேரம் அங்கேயே பார்த்தார்.

"அவ வரலக்கா" என்றார் அம்மா கடைசியில். "வர்ற எண்ணம் இல்லன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது. ஒங்கள அலைய விட்டுட்டேன், மன்னிச்சிக்கிடுங்க."

"அதுக்கென்ன, பாட்டு கேட்டோம்லா" என்றார் அந்த அம்மா. ரோஷன் அங்கிள் எனக்குக் கை கொடுத்துவிட்டு, போட்டோவில் இருந்ததைவிட நல்ல விதமாகச் சிரித்தார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கைதான் உண்டு. அந்தத் தங்கை வந்துதான் இருக்கிறார். இந்தத் தகவல் பிழையைத் திருத்துவதற்காக வாயைத் திறந்தேன். அப்பா அதில் ஒரு மக்ரூனை வைத்து மூடினார்.

எல்லோரும் போன பிறகு, வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியை மறந்து வைத்துவிட்டதால் அதை எடுக்க நான் மட்டும் மண்டபத்துக்குத் திரும்பினேன். உள்ளே மூன்றாம் பகுதியின் கீழ்வரி கேட்டது. சுற்றாமல் விட்ட வயர் மறுபடி செருகியிருந்தது. இருவரும் தாள் இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவருகே நின்று கேட்டேன். மேல்வரி இல்லாமலே அது முழுதாக இருந்தது. இதை எழுத எனக்குச் சற்றுக் கஷ்டமாக இருக்கிறது. கடைசி பாரைக் கவனமாகக் கேட்டேன். ஒன்றாகத்தான் முடிந்தது. அதன் பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.

சுவிட்சுப் பலகை வெளியே, எனக்குப் பின்னால் இருக்கிறது. வாட்ச்மேன் தாத்தா சாவிக்கொத்தோடு வந்தார்.

"உள்ள யாரும் இருக்காவளா பிள்ள?"

நான் உள்ளே பார்த்தேன்.

"இல்ல தாத்தா."

"அப்ப வாசல்ல நிக்க ரெண்டு வண்டியும் யாருதாம்?"

தாத்தா சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டை அப்புறம் பூட்டிக்கொள்கிறேன் என்றார்.

முதல் பக்கத்தில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் சரியான தகவல் இதுதான்: உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ரோசின் கட்டியை நான் எடுக்கவில்லை. விளக்குகளை நான்தான் அணைத்தேன்.